மசித்த கிழங்கில் எத்தனை கலோரி

"...சீட்டுல ஒண்ணு எழுதியிருக்கு, நீ வாயில ஒண்ணு சொல்ற, நான் எதைத்தான் கேக்கறது?" என்கிறார் உள்ளே இருக்கிற சமையல்காரர். "சீட்டை அந்தப் பக்கம் வைங்க. ஏழாம் நம்பருக்கு எப்பவும் இப்படித்தான், ரெண்டு கரண்டி வெண்ணெய், கிழங்குக்குள்ள விட்டு நல்லா கிளறி, மேலே மினுமினுப்பு தெரியாம தட்டிக் குடுங்க" என்கிறார் பரிமாறுகிற அம்மா. வெண்ணெய் வேண்டாம் என்று அடியில் ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறதே, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் திட்டு வாங்குவது என்று அவர் கேட்க, கேட்டவரு அப்படித்தான் கேக்கறாரு, உங்க வீட்டு வெண்ணெயா என்று இந்தம்மா கேட்க, கரண்டி ஒன்று எங்கேயோ படாரென்று வைக்கப்பட்டது... சமையலறைக் கதவை ஒட்டின மேசையில் உட்கார்ந்தால் இதெல்லாம் காதில் விழும். நான் எப்போதும் கேட்பது இந்த மேசைதான், வாணலியில் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று இங்கிருந்து பார்க்கலாம், ஆனால் என் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரம் ஜன்னல் ஓரம் என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார், இன்றைக்கு ஜன்னல் ஓரம் முழுக்க ஆள், வேறு வழியில்லாமல் இங்கே உட்கார்ந்தார், சாப்பாடு சொன்ன கையோடு கை கழுவ எழுந்து போனார், இன்னும் வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் அந்த ஏழாம் நம்பர்? காகிதத்தில் பட்டினி, வாயில் வெண்ணெய். யாரை ஏமாற்றுகிறான் அந்த ஆள், அல்லது அந்தப் பெண்? என்னை மாதிரியே கோடு போட்டு எழுதுகிற ஒரு ஜென்மம் இந்த ஊரில் இருக்கிறதே என்று ஒரு ஆறுதல் வேறு.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் அழகுக்காக எடை குறைக்கிறவள் இல்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது, இனிமேல் இடுப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. என் தம்பிக்கு ஈரல் போய்விட்டது. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை, பிறக்கும்போதே பித்தக்குழாயில் ஏதோ கோளாறாம், நாற்பத்திரண்டு வயதில் கண் மஞ்சளாகி, ராத்திரி பகல் சொறிந்து சொறிந்து கையெல்லாம் கோடு. அவன் பெண்டாட்டி ரத்தம் சேரவில்லை, எனக்குச் சேர்ந்தது. ஆனால் என் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்படியே வெட்டி வைக்க முடியாது, அறுபத்தெட்டு கிலோவுக்கு வாருங்கள், மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அப்போது எழுபத்தாறு. வருகிற புதன்கிழமை அந்த ஸ்கேன். இன்றைக்கு ஞாயிறு. காலையில் தராசில் ஏறினேன், எழுபது. போன ஞாயிறும் எழுபது. அதற்கு முந்தின ஞாயிறு எழுபது புள்ளி ஒன்று... தம்பியால் இதற்கு மேல் காத்திருக்க முடியாது, தாமதித்தால் அவன் உடம்பு ஆபரேஷனையே தாங்காது என்று டாக்டர் அவன் பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், அதை என்னிடம் சொன்னவள், "அண்ணி..." என்று ஏதோ ஆரம்பித்து முடிக்காமல் போனை வைத்தாள்.

கண்ணால் பார்த்து அளவு சொல்வதுதான் என் பிழைப்பே. வீடு மாற்றிக்கொடுக்கிற கம்பெனியில் இருபது வருஷமாக இருக்கிறேன். லாரி வருவதற்கு முன்னால் நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு அறை வாசலில் நின்று, சுற்றி ஒரு பார்வை, பதினெட்டுப் பெட்டி என்று சொல்லிவிடுவேன், பதினெட்டுதான் வரும், மிஞ்சினால் பத்தொன்பது. ஆனால் ஜனங்கள் கண்ணுக்குத் தெரிகிறதை மட்டுமா வைத்திருக்கிறார்கள்? கட்டிலுக்கு அடியில் உடைந்த மின்விசிறி, பழைய பாத்திரம், மாமனார் வாங்கின தையல் மிஷின். அதனால் எந்த வீடானாலும் பத்தில் ஒரு பங்கு கூடப் போட்டுக்கொள்வோம், எங்கள் கம்பெனியில் அதற்குப் பெயரே கட்டிலடி. கட்டிலடி போட்டாச்சா என்று கேட்காமல் மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டார். ஓட்டல் தட்டும் ஒரு அறைதான். சோறு என் முஷ்டி அளவு, இருநூறு. மீன் உள்ளங்கை அளவு, நூற்றைம்பது. தட்டை லேசாகச் சாய்த்தால் எண்ணெய் ஓரத்துக்கு ஓடிவந்து நிற்கும், அது எத்தனை விரல் அகலம் என்று பார்த்தால் தேக்கரண்டிக் கணக்கு தெரிந்துவிடும், தேக்கரண்டிக்கு நாற்பத்தைந்து. காய் பளபளவென்றிருந்தால் சந்தேகப்படு. சூப்பில் கரண்டியை விட்டு எடுத்துப் பார், பின்பக்கம் வெள்ளையாக ஒட்டினால் பாலாடை. இதெல்லாம் கலோரி எண்ணுகிற நம்ம தட்டுக் குழுவில், இங்கேயே, நானே எழுதிப் போட்டதுதான், அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் நன்றி சொன்னார்கள், எதையும் கிராமில் நிறுத்துச் சொல்கிற நம்ம கிராம் அக்கா கூட, அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை, உங்க கண்ணே ஒரு தராசு என்று எழுதினார்.

அப்படிப்பட்ட கண் ஏன் ஐந்து வாரமாகப் பொய் சொல்கிறது? முதல் மாதம் சரசரவென்று இறங்கினேன், எழுபத்தாறு, எழுபத்து நான்கு, எழுபத்திரண்டரை... அப்புறம் எழுபதில் வந்து உட்கார்ந்துவிட்டது, பஸ் பிரேக் பிடித்த மாதிரி. பத்தில் ஒரு பங்கு கட்டிலடி போட்டேன், பத்தாது என்று ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் பத்தாது என்று மூன்றில் ஒரு பங்கு. காலையில் பாதி முட்டை, மாலையில் ஒன்றுமில்லை. ஆபீசில் பெட்டி கட்டுகிறவர்கள் என்னைப் பார்த்தால் கால்குலேட்டர் வருது, பன்னை மறைடா என்கிறார்கள், சிரிக்கட்டும். இந்த வயசில் எதற்கு இந்த வேலை, ஒருநாள் ருசியாகச் சாப்பிட்டால் குடி முழுகிவிடுமா என்று என் நாத்தனார் கேட்டாள், முழுகத்தான் செய்யும், என் குடி இல்லை, தம்பி குடி. எனக்குப் பசிக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. பசித்தால் என்ன, பசி என்ன கடிக்கவா போகிறது? கொஞ்சம் கடிக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும்.

இந்த ஓட்டலுக்கு வருவதே அவர் யோசனைதான். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், இருபத்து நான்கு வருஷமாக டப்பாவில் சோறு கொண்டுபோய் லிஃப்ட் கூண்டுக்கு மேலே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன், ஓட்டல் என்றாலே முகம் சுளிப்பார். திடீரென்று ஐந்து வாரத்துக்கு முன்னால், நீ உன் வீட்டுக்கும் சமைக்கிற, தம்பி வீட்டுக்கும் சமைக்கிற, அடுப்புக்கு ஒரு லீவு குடேன் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முதலில் ஞாயிறு மட்டும் என்றார், அந்த வாரமே செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்துகொண்டது. வேகவைத்தது எல்லாம் இங்கே நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். நான் வேகவைத்த மீன், மசித்த கிழங்கு, காய், ஒரு சூப் என்று சொல்லுவேன், சீட்டில் கோடு போட்டு எழுத வைப்பேன், அவர் கை கழுவப் போவார். கிழங்குக்கு நூற்றிருபது என்று போனில் இருக்கிற கலோரி ஆப்பில் போடுவேன். வெறும் கிழங்கு, தண்ணீரில் வேகிறது, அதில் என்ன மர்மம்? சாய்த்துப் பார்த்தாலும் எண்ணெய் ஓடாது. ஒரு நாள், இது ரொம்ப ருசியா இருக்குங்க, வெறும் கிழங்கு எப்படி இவ்வளவு மெத்துமெத்துன்னு வருது என்று கேட்டேன். நல்ல கிழங்கா இருக்கும் என்றார், என்னைப் பார்க்காமல்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் வேறென்ன நடந்தது... ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தார்கள். பதினோரு பக்கம். அந்த நர்சம்மா ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். கொடுக்கிறவருக்கு வரக்கூடியவை என்று ஒரு பட்டியல், வலி, காய்ச்சல், பித்தநீர் கசிவு, கடைசியில் ஒரு வரி, உயிருக்கு ஆபத்து, ஒரு சதவீதத்துக்கும் கீழே. நான் தலையாட்டிக்கொண்டே போனேன், எனக்கு அது பூஜ்யம்தான், கீழே என்றால் பூஜ்யம். என் வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைப் பிடித்தவர் போடவில்லை. கீழேன்னா எவ்வளவு கீழேம்மா என்று கேட்டார். ரொம்பக் கீழே சார் என்றார் நர்சம்மா. லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று கேட்கிற மாதிரி கேட்கிறீர்களே என்று நான்தான் கிண்டலடித்தேன், நர்சம்மா சிரித்தார், தம்பியும் சிரித்தான், கட்டிலில் படுத்தபடியே, அக்கா உன் ஈரலை வாங்கிக்கிட்டா நானும் எலுமிச்சம்பழத்துக்கெல்லாம் கணக்குப் பார்ப்பேனா, மாமா பாவம், வீட்டுக்கு ரெண்டு கால்குலேட்டர் என்றான். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரித்தாரா? சிரித்த மாதிரிதான் ஞாபகம். கையெழுத்துப் போட்டார். பேனா கொஞ்சம் எழுதாமல் போய், ரெண்டாம் தடவை அழுத்திப் போட்டார்.

தட்டு வந்தது. பரிமாறுகிற அம்மா, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருப்பார், எப்போதும் என்னைப் பார்த்து ஒரு பரிதாபச் சிரிப்பு சிரிப்பார், இன்றைக்கும் சிரித்தார். தட்டு வைக்க இடம் போதாமல், காகிதத் துண்டுப் பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்ற அந்தச் சின்ன இரும்புத் தாங்கியை எடுத்து இந்தப் பக்கம் திருப்பி வைத்தார். ஏழு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு இவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை, ஏழு என்பது ஏழுதானே. இந்த மேசைதான் ஏழாம் நம்பரா, நான் கவனிச்சதே இல்லையே என்று கேட்டேன், என் குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது. நம்பர் மேசைக்கு இல்லக்கா, உங்களுக்குத்தான், எங்க உட்கார்ந்தாலும் உங்களுக்கு ஏழுதான், வழக்கமா வர்றவங்களுக்கு அப்படிக் குடுத்திருவோம் என்றார். அப்புறம் குனிந்து, ரகசியம் மாதிரி, "கோவிச்சுக்காதீங்கக்கா, அண்ணன் ரொம்ப வருத்தப்படுறாரு, இப்படி இளைச்சுப் போயிட்டாளேன்னு. வாயத் திறந்து சாப்பிடுன்னா கேக்க மாட்டாள்னு சொன்னாரு. எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரே, நான் இளைச்சாலும் தெரியாது, ஊதினாலும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபது வருஷம். இருபது வருஷம் அடுத்தவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தவள். டார்ச் அடித்துப் பார்த்தவள். என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்... கிழங்கைக் கரண்டியால் பிளந்தேன். பளபளப்பு இல்லை, ஓட்டம் இல்லை, மஞ்சள் கூட லேசுதான், நல்ல கைகாரர் அந்தச் சமையல்காரர். நாக்கில் வைத்தேன். ரெண்டு கரண்டி, சின்னக் கரண்டியாக இருந்தால் நானூறு, குழம்புக் கரண்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள், ஐந்து வாரம், பதினைந்து தட்டு. சூப் வேறு. அதனால்தான் எழுபதில் நின்றேன் என்று அடித்துச் சொல்ல முடியாது, உடம்பு தானாகவும் நிற்கும் என்று கிராம் அக்கா சொல்லியிருக்கிறார், ஆனால் நான் சாப்பிடாமல் விட்ட அந்தப் பாதி முட்டைகள்? தலை சுற்றி லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மத்தியானம்? எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். என் தம்பி அங்கே சொறிந்துகொண்டு படுத்திருக்கிறான், இவர் இங்கே கை கழுவுகிற சாக்கில் வெண்ணெய் வாங்கி ஊற்றுகிறார். எந்தத் தைரியத்தில்? கேட்டிருக்கலாமே, கொடுக்காதே என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே, சண்டை போட்டிருப்பேன், ஜெயித்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ...

அவர் வந்தார், ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே. என் தட்டை எடுத்து அவர் பக்கம் வைத்தேன், அவருடைய சோற்றுத் தட்டை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அவருக்கு வெண்ணெய் ஆகாது. வியாதி எல்லாம் இல்லை, சின்ன வயசிலிருந்தே வாசனை பிடிக்காது, கல்யாணமான புதிதில் ரொட்டியில் தடவிக்கொடுத்தேன் என்று பால்கனிக்குப் போய் நின்றுகொண்டவர். அவர் தட்டைப் பார்த்தார், இரும்புத் தாங்கியைப் பார்த்தார், சமையலறைக் கதவைப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்தார். ஒரு வாய், இன்னொரு வாய். நிறுத்துவார் என்று நினைத்தேன். தொண்டை ஏறி இறங்குவது தெரிகிறது, கண் ஓரம் சிவக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஒரு வாய். யாரோ பரீட்சை வைத்த மாதிரி அந்தக் கிழங்கு முழுவதையும் வழித்துச் சாப்பிட்டார். நான் சாப்பிடவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் என் தம்பிங்க" என்றேன்.

"தெரியும். அதனாலதான் வாயால சொல்லல."

காகிதத் துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே சொன்னார், "நீ அரைத் தேக்கரண்டி எண்ணெயைக் கூட விட மாட்டேங்கிற, தட்டைச் சாய்ச்சு சாய்ச்சுப் பாக்குற. அந்தப் பேப்பர்ல இருந்ததை மட்டும் எப்படி விட்ட? ஒரு சதவீதத்துக்குக் கீழேன்னா பூஜ்யம் இல்லையே. அப்படி எழுதியிருக்கிற லிஃப்ட்டுதான் அறுந்து நிக்குது, அதுக்குத்தான் என்னைக் கூப்பிடுறாங்க."

பரிமாறுகிற அம்மா வந்து, அண்ணன் சாப்பிட்டாரா, அக்கா சாப்பிடலையா என்று குழம்பிப்போய்ப் பார்த்தார். நான் வெறும் சோற்றில் ஒரு முஷ்டி எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைத் தள்ளி வைத்து, மென்று முழுங்கினேன். இருநூறு. அப்புறம் அவரிடம் சொன்னேன், புதன்கிழமை நான் போகத்தான் போகிறேன், அதற்குள் குறைகிறதோ இல்லையோ, எழுபதிலேயே நின்றாலும் போய் அந்த மிஷினுக்குள் படுப்பேன், வேண்டாமென்று டாக்டர் சொல்லட்டும், வெண்ணெய் சொல்லக் கூடாது. இனி கை கழுவ என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றும் சொன்னேன். அவர் மடித்த காகிதத்தைத் தட்டில் வைத்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டார். எட்டரைக்கு என்றேன். வண்டிக்குக் காத்து அடிக்கணும் என்றார். அவ்வளவுதான். சரி என்று அர்த்தமா, சரியில்லை என்று அர்த்தமா, இருபத்து நான்கு வருஷம் ஆகியும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், காலையில் துடைத்த வண்டி. ஆப்பைத் திறந்து அந்தப் பதினைந்து நாளையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன், கிழங்கு நூற்றிருபது என்பதை ஐநூற்றிருபது ஆக்கினேன், நான் பொய்க் கணக்கு வைத்திருக்கிறவள் இல்லை. எல்லாம் முடிந்த பிறகும் கை நிற்கவில்லை. அந்தப் படிவத்தின் நகலை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து வாரத்துக்கு முன்னால் நானே அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், பூஜ்யம். எப்போது போட்டேன்? நர்சம்மா வாசிக்கும்போதேவா? அந்த வரிக்குக் கட்டிலடி போட்டிருந்தால் எவ்வளவு வரும்? போடத் தெரியாமல் விட்டேனா, போட்டுப் பார்க்கப் பயந்து விட்டேனா? அழித்துப் பார்த்தேன். பென்சில் போனது, அழுத்தின தடம் போகவில்லை.

கொடுப்பதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை, அதைப் பற்றி யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். ஆனால் இந்தக் குழுவில் நாலாயிரம் பேர் இருக்கிறீர்கள், ஆபரேஷன், பிரசவம், தூர தேசத்து வேலை என்று ஏதோ ஒன்றுக்காக வீட்டில் ஒருவரைப் பயத்தோடு உட்கார வைத்துவிட்டுப் போனவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். போவதற்கு முந்தின மூன்று நாள் அவரிடம் என்ன பேசினீர்கள்? பூஜ்யம் என்று சொன்னீர்களா, இருக்கிற எண்ணைச் சொன்னீர்களா? எந்தச் சொல்லைக் கேட்டு அவர் தன் வெண்ணெய்க் கரண்டியைக் கீழே வைத்தார்? செவ்வாய்க்கிழமைக்குள் இதற்குக் கீழேயே பதில் எழுதுங்கள். அழுகிற பொம்மை, கும்பிடுகிற பொம்மை எல்லாம் போடாதீர்கள், தைரியமா இருங்க என்று எழுதாதீர்கள், அது என்னிடம் நிறைய இருக்கிறது. நீங்கள் சொன்னதை அப்படியே, வார்த்தை மாறாமல் எழுதுங்கள்.